நீங்கள் குடித்ததில்லையே, உங்களுக்கு எப்படிப் புரியும்?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். வயது 38. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். பல வருடம் குடித்தேன். போன வருடம் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்தேன். இப்போது 14 மாதமாகத் தொடவில்லை. அதைப் பார்த்துவிட்டு ஊரில், "எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசுப்பா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான்கைந்து பேரிடம் பேசினேன், ஒருவர் நிறுத்தியிருக்கிறார். போன மாதம் இன்னொருவரை நிறுத்த வைத்து, எலுமிச்சை ஜூஸும் மோரும் கொடுத்து ராத்திரி முழுக்கக் கூடவே இருந்தேன். இரண்டாம் நாள் காலையில் அவருக்கு ஃபிட்ஸ் வந்துவிட்டது. 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பிழைத்துக்கொண்டார்.

வேலையை விட்டுவிட்டு, நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து கிருஷ்ணகிரியில் வீடு பிடித்து ஒரு மறுவாழ்வு மையம் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். மனைவிக்கு இஷ்டமில்லை. "இப்பத்தான் வீடு வந்து சேர்ந்தீங்க, அதுக்குள்ள ஊரைத் திருத்தக் கிளம்பிட்டீங்களா" என்கிறாள். குடித்தவனுக்குத்தான் குடிகாரன் மனசு தெரியும் என்பது என் எண்ணம். நீங்கள் குடித்ததில்லை, ஆனாலும் இத்தனை வருடமாகக் குடிநோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறீர்கள். எப்படி வந்தீர்கள்? நானும் வரலாமா? இன்னொரு விஷயம். ஒரு அம்மா, மகனுக்குத் தெரியாமல் குழம்பில் கலக்க மாத்திரை வாங்கித் தரச் சொல்கிறார். தரலாமா?

பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் மற்ற கேள்விகளுக்கெல்லாம் முன்னால் அந்த ஃபிட்ஸ் விஷயத்தைப் பேசிவிடலாம். இந்தப் பதிலைப் படிக்கிற வேறு யாராவது, இன்றைக்கு ராத்திரியே இன்னொருவர் பக்கத்தில் மோர்ச் சொம்போடு உட்காரக்கூடும்.

தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது. நீங்கள் மெக்கானிக், உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். மது மூளைக்கு ஹேண்ட் பிரேக் மாதிரி. அதைப் போட்டபடியே வருடக்கணக்கில் ஓட்டியதால், மூளை ஆக்சிலேட்டரை எப்போதும் ஏறி மிதித்துப் பழகிவிட்டது. ஒரே நாளில் பிரேக்கை விட்டால் வண்டி தறிகெட்டுப் பாயும். கடைசிக் குடியிலிருந்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், செத்துப்போன அப்பாவோடு பேசுவார்கள், இருப்பது எந்த ஊர் என்றே தெரியாது. அந்தக் கட்டத்தில் சிகிச்சை இல்லையென்றால் உயிர் போகும். இந்த முதல் சில நாட்கள் வைத்தியத்தின் தொடக்கம் மட்டும்தான். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மாத்திரையைக் கூடுதலாக ஆரம்பித்து நாளுக்கு நாள் குறைப்பார்கள், தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள்.

"சோர்வா இருக்காரு, ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க" என்று பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் நம் பக்கத்துப் பழக்கம். சாப்பாடில்லாமல் குடித்தவர் உடம்பில் பி1 ஏற்கெனவே வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், சிலருக்கு நினைவு போனது போனதுதான். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் "இவர் தினம் குடிப்பவர், நேற்று நிறுத்தினார்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு "காய்ச்சல்" என்று சொல்லி அட்மிட் செய்கிறவர்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன். இனி யாராவது "இன்னைக்கே நிறுத்திடறேன்" என்றால், சந்தோஷப்பட்டுக்கொண்டே தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

சரி, நான் வந்த கதை.

எனக்குப் பாலக்கோடு பக்கம். வீட்டுக்காரருக்குத் தக்காளி மண்டியில் வேலை. தக்காளி வியாபாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. இன்றைக்குக் கூடை நல்ல விலைக்குப் போகும், பத்து நாள் கழித்து ஏற்றுக் கூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். விலை ஏறினால் சந்தோஷத்துக்குக் குடித்தார், விழுந்தால் வருத்தத்துக்கு. அப்புறம் விலையைக் கேட்காமலே குடித்தார். பெரியவர்கள் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவிட்டார்கள். கெடு முடியும்வரை தொடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கெடு முடிந்த அன்று கயிற்றை அவிழ்த்துப் பைக் சாவி மாட்டுகிற ஆணியில் மாட்டிவிட்டு, அதே ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்குக் கயிற்றின் மேலும் கோபமில்லை, சாமி மேலும் கோபமில்லை. கெடு முடிந்த மறுநாள் காலையில் என்ன செய்வது என்று எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

மஞ்சள் காமாலை வந்தது. வயிறு வீங்கியது. கடைசியில் ரத்த வாந்தி. அவர் படுத்திருந்தபோது வார்டுக்கு வெளியே, குடும்பத்தாருக்கென்று வாரம் ஒரு கூட்டம் நடக்கும். அதில் உட்கார்ந்தபோதுதான் இது ஒரு நோய் என்பதும், நான் சரியாகச் சமைக்காததால் வந்ததல்ல என்பதும் எனக்குத் தெரிந்தது. சிரிக்காதீர்கள், அதுவரை நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். அவர் போன பிறகும் அந்தக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். புதிதாக வருகிற பெண்களுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லி அங்கிருந்த ஆலோசகர் கேட்டார். பேச வேண்டாம், சும்மா உட்கார் என்றார். நான் இந்த வேலைக்கு வந்தது இப்படித்தான். டிகிரி கையில் இருந்தது. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பைப் படித்தேன்.

அந்தப் படிப்பில் களப்பணி என்று ஒன்று உண்டு. வார்டில் ஒருவரோடு பேசிவிட்டு வந்து, பேச்சு முழுவதையும் நோட்டில் எழுத வேண்டும். எங்கள் நோட்டில் மூன்று பத்தி போடச் சொன்னார்கள். முதல் பத்தியில் அவர் சொன்னது, இரண்டாவதில் நான் சொன்னது, மூன்றாவதில் அந்த நேரம் என் மனசுக்குள் ஓடியது. முதல் இரண்டையும் எல்லோரும் எழுதிவிடுவோம். மூன்றாவதில்தான் பேனா நிற்கும். ஒருமுறை ஒரு லாரி டிரைவர், "நான் என் காசுல குடிக்கிறேன், அவளுக்கென்ன?" என்றார். அது என் வீட்டுக்காரர் சொன்ன அதே வாக்கியம். குரல்கூட அதே மாதிரி. என் மூன்றாவது பத்தியில் அன்றைக்கு என்ன எழுதினேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "இது இங்கேயே இருக்கட்டும், ரெண்டாவது பத்திக்கு வராம பாத்துக்கங்க" என்றார்.

உங்கள் கேள்விக்கான பதில் அந்த நோட்டில் இருக்கிறது தம்பி. நாம் பட்டது, நீங்கள் குடித்துப் பட்டதானாலும் சரி, நான் குடிக்காமலே பட்டதானாலும் சரி, அத்தனையும் மூன்றாவது பத்தி. அது இருப்பதால்தான் வார்டில் இரவு பத்து மணிக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் எதிரே இருப்பவருக்கு அதிலிருந்து எதை எடுத்துக் கொடுப்பது, எதை மூடி வைப்பது என்று தெரிவதுதான் பயிற்சி. பட்டதனால் மட்டும் அது வந்துவிடாது.

குடித்தவனுக்குத்தான் தெரியும் என்கிறீர்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். காலை ஆறு மணிக்குக் கை நடுங்கும்போது கடை திறக்க எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடும் மனசு எனக்குப் பாடம், உங்களுக்கு அனுபவம். பாட்டிலை மோட்டார் ரூமில் வைப்பீர்களா, தவிட்டு மூட்டையில் வைப்பீர்களா என்பதும் உங்களுக்குத் தெரியும். (அது எனக்கும் தெரியும். தேடி எடுத்தது நான்தானே.) ஆனால் உங்களுக்குத் தெரிந்தது உங்கள் குடி. அடுத்தவர் குடி வேறு வாசல் வழியாக வந்திருக்கும்.

ஒரு பேச்சைக் காட்டுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். கிரானைட் குவாரியில் வேலை செய்தவர், ஐம்பதை நெருங்குகிறவர். மனைவி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். உட்கார்ந்ததும், "நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியும்மா, ஈரல் கெட்டுடும், அதானே?" என்றார்.

"அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. குடிச்சா உங்களுக்கு என்ன நல்லது நடக்குதுன்னு சொல்லுங்க."

சந்தேகமாகப் பார்த்தார். அப்புறம், "முதுகு வலி தெரியாது" என்றார்.

"வலிக்காகத்தான் ஆரம்பிச்சீங்க."

"ஆமா. கல்லு தூக்கற வேலை. சாயந்தரம் ஒரு கட்டிங் போட்டாத்தான் படுக்கவே முடியும்." கொஞ்ச நேரம் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். நானும் வாயைத் திறக்கவில்லை. "குவாரிக்குப் போறத விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. வலி இல்லாத அன்னைக்கும் குடிக்கிறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். அவர் வாயிலிருந்தே வந்ததால் அவரே அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இப்படிப் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் இதை முதலில் எழுதினார், பிறகு ஸ்டீபன் ரால்னிக்கோடு சேர்ந்து வளர்த்தார். மாற வேண்டும் என்கிற காரணத்தை நாம் சொல்லாமல், அவர் வாயால் வரவைக்கும் முறை. அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால், "அண்ணே, நானும் இப்படித்தான் இருந்தேன்..." என்று ஆரம்பித்திருப்பீர்கள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார், முதுகு வலி வெளியே வந்திருக்காது.

உங்கள் பக்கத்துக்கும் ஒரு சாட்சி சொல்கிறேன், இல்லையென்றால் ஓரவஞ்சனை ஆகிவிடும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளிகளின் கூட்டம் 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் தொடங்கியது. தொடங்கிய பில் என்பவர் அப்போது குடியை விட்டுச் சில மாதமே ஆனவர். அந்தச் சில மாதமும் கண்ணில் பட்ட குடிகாரர்களையெல்லாம் திருத்தப் பார்த்தார், ஒருவர்கூடத் திருந்தவில்லை. அலுத்துப்போய் மனைவி லாயிஸிடம் புலம்பியபோது, "நீங்க குடிக்காம இருக்கீங்களே" என்ற பொருளில் அந்த அம்மா பதில் சொன்னாராம். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சில்க்வொர்த் சொன்னது இன்னும் முக்கியம். பிரசங்கத்தை நிறுத்து, முதலில் நோயைப் பற்றிப் பேசு என்றார். அதற்குப் பிறகு ஆக்ரனில் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவரிடம் பில் அப்படித்தான் பேசினார். அவர் குடியை நிறுத்தினார், இயக்கம் பிறந்தது. ஆக, குடித்தவர் இன்னொரு குடித்தவருக்கு உதவுவது நிஜமாகவே நடக்கிற விஷயம். உதவுகிறவரைத்தான் அது முதலில் காப்பாற்றுகிறது என்பதும் நிஜம். பின்னாளில் 1951-ல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக அல்-அனான் என்ற தனிக் கூட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் இதே லாயிஸ்.

நம் ஊர்க் கதை வேண்டுமென்றால் சென்னையில் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980-ல் கணவர் பெயரிலேயே சிகிச்சை மையம் தொடங்கினார், டி.டி.கே. மருத்துவமனை என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 1992-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கிராமங்களுக்கே போய் முகாம் போட்டுச் சிகிச்சை தரும் முறையையும் அவர்கள் நடத்திக் காட்டினார்கள். குடிப்பவர் பக்கத்திலிருந்து வந்தவர் பில், வாசலில் காத்திருந்தவர் பக்கத்திலிருந்து வந்தவர் சாந்தி. இரண்டு வழியும் திறந்தே இருக்கிறது.

கடிதத்தில் இன்னொரு இடத்தில் (நீளம் கருதி மேலே வெட்டியிருக்கிறேன்) "கடையை மூடினாலே பாதி சரியாகிவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். நம் மண்ணுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1-ம் தேதி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான். 1971-ல் மாநிலத்தில் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், 2003-லிருந்து சில்லறைக் கடையும் டாஸ்மாக் கையில். கடையை மூடக் கேட்டு மறியல் செய்கிற பெண்களோடு நானும் நின்றிருக்கிறேன், இனியும் நிற்பேன். ஆனால் கடை இருக்கட்டும், போகட்டும், இன்றைக்குக் கை நடுங்க வந்து உட்கார்ந்திருப்பவருக்கு வைத்தியம் இன்றைக்குத்தான் வேண்டும். அந்த வேலையும் இந்த வேலையும் வேறு வேறு.

அடுத்து மையம். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மதுவாலும் போதையாலும் வருகிற மனநிலைப் பாதிப்பும் அடக்கம். அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பார்க்கிற இடத்தை மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யாமல் நடத்த முடியாது. மருத்துவர், செவிலியர், இட வசதி என்று குறைந்தபட்சத் தகுதிகள் உண்டு. சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் அடியோடு தடுக்கிறது. தானாக வந்து சேர்ந்த ஒருவர் "நான் போறேன்" என்றால், பரிசோதிக்க வேண்டிய காரணம் இருந்தால் மருத்துவர் 24 மணி நேரம்வரை நிறுத்தி வைக்கலாம். அதற்கு மேல் கதவைப் பூட்ட உங்களுக்கு உரிமையில்லை. இதெல்லாம் தெரியாமலோ, தெரிந்தேவோ, வீட்டை வாடகைக்கு எடுத்து, ஜன்னலுக்குக் கம்பி வைத்து, ராத்திரி வண்டி அனுப்பி ஆளைத் தூக்கி வந்து, மூன்று மாதம் பூட்டி வைத்து, "திருந்திட்டான்" என்று பில் போடுகிற இடங்கள் இருக்கின்றன. அங்கிருந்து வெளியே வருகிறவர்கள் நேராகக் கடைக்குப் போவதையும் பார்க்கிறேன். பூட்டியிருந்த நாட்களில் குடிக்க வழியில்லை, அவ்வளவுதான் நடந்தது. உங்கள் நண்பர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். மையத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு ஃபிட்ஸ் வந்து 108 வரத் தாமதமானால் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரப்போவது யார்?

உங்கள் மனைவி சொன்ன வாக்கியத்தை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குடிக்கிறவர் வீட்டில் மனைவிக்குக் காதுதான் கண். தெருமுனையில் பைக் திரும்பும் சத்தத்திலேயே எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். ஸ்டாண்டு ஒரே உதையில் விழுந்தால் சாப்பாடு போடலாம். இரண்டு மூன்று தடவை உதைத்தால் பிள்ளைகளைப் பின் அறைக்கு அனுப்ப வேண்டும். அவர் நிறுத்தினாலும் இந்தக் காது நிறுத்தாது. மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில், சட்டையைத் துவைக்கப் போடும்போது மோந்து பார்க்கிற கை அப்படியே இருக்கும். உங்களுக்கு 14 மாதம் ஆகிவிட்டது. அவருக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கிறது என்று கேட்டீர்களா? நீங்கள் இப்போது ராத்திரி கிளம்பி இன்னொரு குடிகாரர் வீட்டுக்குப் போகிறீர்கள். திரும்பி வரும்போது சட்டையில் அந்த வீட்டு வாடை இருக்கும். நல்ல காரியத்துக்குத்தான் போனீர்கள், மூளைக்குத் தெரியும். காதுக்கும் மூக்குக்கும் தெரியாது.

அதனால் மனைவியைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று யோசிக்க வேண்டாம். குடும்பத்தாருக்கான கூட்டம் எங்கே நடக்கிறதோ அங்கே அவரைப் போகச் சொல்லுங்கள், நீங்கள் வெளியே உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடித்த காலத்துக் கடன், அடகில் இருக்கும் நகை, பாதியில் நிற்கும் வீட்டு வேலை எல்லாம் இருக்குமே, அவற்றுக்கு ஒரு கணக்கு எழுதுங்கள். சிப்காட் வேலையில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கிறது. இந்த வேலையில் சம்பளம் பல இடங்களில் அதைவிடக் குறைவு, அதுவும் மாதா மாதம் வரும் என்று சொல்ல முடியாது. நீங்கள் சம்பாதிக்காமல் ஊருக்கு உழைத்த ஒரு காலத்தை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார், கடைக்காரருக்கு உழைத்த காலம்.

இன்னொரு கேள்வி, இதற்கு எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கு நீங்களே சொன்னால் போதும். நீங்கள் பேசி ஒருவர் நிறுத்தியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்திலேயே பெருமை தெரிகிறது, தப்பில்லை. நாளைக்கு அவர் மறுபடி குடித்துவிட்டார் என்று செய்தி வந்தால் அன்றைக்குச் சாயந்தரம் நீங்கள் என்ன செய்வீர்கள்? இந்த நோயில் சறுக்கல் சகஜம், பலர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சறுக்கித்தான் நிற்கிறார்கள். அவர் நிற்பதில் உங்கள் நிற்றலைக் கட்டி வைத்திருந்தால், அவர் விழும்போது நீங்களும் விழுவீர்கள். இந்த வேலையில் இருக்கும் எங்களுக்கெல்லாம் மேலே ஒருவர் இருப்பார், மாதம் ஒருமுறையாவது அவரிடம் போய் மூன்றாவது பத்தியைக் கொட்டிவிட்டு வருவோம். உங்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? குடியை விட்டவர்களின் கூட்டத்துக்குப் போகிறீர்களா, இல்லை ஊர் வேலை அதிகமாகி அதை விட்டுவிட்டீர்களா? விட்டிருந்தால் முதலில் அதைப் பிடியுங்கள்.

வரலாமா என்று கேட்டதற்கு: வாருங்கள், ஆனால் வேலையை விடாமல், மெதுவாக. குடியை விட்டு நிலைத்தவர்களைச் சக ஆலோசகராகச் சேர்த்துக்கொள்கிற மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன, மத்திய அரசின் உதவி பெறும் மையங்களில் அதற்கென்றே ஒரு பணியிடம் உண்டு. நீங்கள் சிகிச்சை எடுத்த இடத்திலேயே போய், வார ஓய்வு நாளில் வந்து உட்காரட்டுமா என்று கேளுங்கள். ஒரு வருடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதுதான் என் வேலை என்று தோன்றினால் படிப்பைப் பற்றி யோசியுங்கள். டிப்ளமோவோடு முழு ஆலோசகர் ஆக முடியாது, டிகிரி வேண்டும், பல இடங்களில் அதற்கு மேல் எம்.எஸ்.டபிள்யூ. அல்லது உளவியலும் கேட்பார்கள். தபால் வழியில் உளவியல் படிக்கலாம் என்று யாராவது விளம்பரம் காட்டினால் பணம் கட்டுவதற்கு முன் விசாரியுங்கள். 2025 ஜூலைச் சேர்க்கையிலிருந்து தொலைதூர வழியில் உளவியல் நடத்துவதைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) நிறுத்தச் சொல்லியிருக்கிறது. பதினைந்து நாள் சர்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டு "டாக்டர்" என்று போர்டு வைக்கிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

அதுவரை ஊரில் கூப்பிடுகிறார்களே, என்ன செய்வது? போங்கள். குடித்திருக்கும்போது பேசாதீர்கள், காலையில் போங்கள். கேளுங்கள், குறைவாகப் பேசுங்கள். உங்கள் கதையை அவர் கேட்டால் சொல்லுங்கள், கேட்ட அளவுக்கு மட்டும். மருத்துவமனைக்குக் கூட வாருங்கள் என்றால் கூடப் போங்கள், டோக்கன் வாங்கும் இடமும் மனநலப் பிரிவின் வாசலும் உங்களுக்குத் தெரியும் என்பதே பாதி உதவி. ராத்திரி வருகிற போன்களுக்கு 14446, 14416 இரண்டையும் கொடுத்து வையுங்கள். முன்னது போதை மீட்புக்கான தேசிய உதவி எண், பின்னது டெலி மனஸ் என்ற மனநல உதவி எண், இரண்டுக்கும் கட்டணமில்லை, 14416-ல் தமிழிலேயே பேசலாம். அப்புறம், ஒருவர் உங்களிடம் சொன்னது உங்களோடு நிற்க வேண்டும், மனைவியிடம்கூடப் போகக் கூடாது. எங்கள் வேலையில் இது சட்டம், உங்களுக்கு இப்போதைக்குப் பழக்கமாகவாவது இருக்கட்டும். போச்சம்பள்ளிச் சந்தையில் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவரைப் பார்த்தால் நானாக வணக்கம் சொல்ல மாட்டேன். அவர் சிரித்தால் சிரிப்பேன், அவர் பார்க்காத மாதிரி போனால் நானும் தக்காளி பார்ப்பேன்.

கடைசியாகக் குழம்பு மாத்திரை. தராதீர்கள். அது பெரும்பாலும் டைசல்ஃபிரம் ஆக இருக்கும். மது உடம்பில் உடையும்போது நடுவில் உண்டாகும் ஒரு நச்சுப் பொருளை, மேற்கொண்டு உடையவிடாமல் தேக்கி வைக்கிற மருந்து. மேலே குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயக் கோளாறு இருப்பவருக்கு உயிரே போகலாம். தனக்குள் மருந்து இருப்பதே தெரியாதவர் எப்படி ஜாக்கிரதையாக இருப்பார்? சில இருமல் மருந்திலும் அரிஷ்டத்திலும்கூட மது உண்டு, அதற்கே வினை வரும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். ஈரலைச் சோதித்து, கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் விட்டு, அவரே சம்மதித்த பிறகுதான் டாக்டர் ஆரம்பிப்பார். ஆனால் அந்த அம்மாவிடம் "முடியாது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மகன் வராவிட்டாலும் அவர் மட்டும் மனநலப் பிரிவுக்கு வரலாம், குடும்பத்தாரிடமும் பேசுவோம். மகன் ஒத்துக்கொண்டு டாக்டரும் எழுதிக் கொடுத்தால், அதே மாத்திரையைத் தினமும் காலையில் அம்மா கையாலேயே, அவர் கண் முன்னால் கொடுக்கலாம். அப்படி ஒருவர் பார்த்துக் கொடுக்கும்போதுதான் அந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது. இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் கூட்டம் கம்மியாக இருக்கும். மகன் குடிக்க ஆரம்பித்த வருடம், தினம் எவ்வளவு, வலிப்பு வந்திருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள்.